சங்கரபாண்டி பேருக்கு ஒரு டிரங்க் கால்

கேள்வி கேட்பது என் தொழில். பதில் சொல்ல முடியாமல் திணறுவது எதிராளியின் பாடு. தென்காசி கோர்ட்டிலும் திருநெல்வேலி செசன்ஸிலும் இருபது வருஷமாக அப்படித்தான் நடந்து வந்தது. என்னையே ஒரு கேள்வி கேட்டு, எட்டு வருஷம் திணற வைத்தவள் பேராச்சி ஒருத்திதான்.

ஒவ்வொரு ஆடியிலும் சாரல் விழுந்ததும் குளிக்கப் போவேன். குற்றாலம் வரை போய்விட்டு, ஐந்தருவிப் பாதையிலுள்ள அவள் பங்களாவுக்குப் போகாமல் திரும்ப மனசு வராது. காப்பி வரும், ஊர்க்கதை வரும், கடைசியில் அதுவும் வரும். "அன்னைக்கு போனை எடுத்தது யாரு அண்ணாச்சி?" என்பாள். நானும் வருஷம் தவறாமல், "கொலகாரன்தாம்மா" என்பேன். அவள் தலையாட்டிக்கொள்வாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணி பிறந்த புதிதில் நடந்த கொலை அது. கொலையுண்டவர் அவள் புருஷன் குற்றாலிங்கம் பிள்ளை. தென்காசியில் வீடு, செங்கோட்டையில் மர டிப்போ. சீசன் மாசங்களில் மட்டும் குற்றாலத்துப் பங்களாவில் வந்து இருப்பார். மத்தியானச் சாப்பாட்டை முடித்து வைத்துவிட்டுச் சமையல்காரர் போய்விடுவார். அதற்குப்பின் பங்களாவில் அவரும் மேனேஜர் சங்கரபாண்டியும்தான். பேராச்சி அந்த வருஷம் அவரோடு இல்லை. சித்திரையில் பிள்ளையின் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போன இடத்தில், பிள்ளையில்லாதவள் என்று நாலு பேர் முன்னால் புருஷனே அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவள் அப்படியே பஸ் ஏறி ஆலங்குளத்துக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் கூப்பிடப் போகவில்லை, அவளும் வரவில்லை. சைவப் பிள்ளைமார் வீட்டு வீம்பு எனக்குப் புதிதில்லை. என் வீட்டிலும் அது ஒரு மரக்கால் இருக்கிறது.

ஆவணியில் அவளுக்கே பொறுக்க முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஆலங்குளம் போஸ்ட் ஆபீசுக்குப் போய், பங்களாவுக்கு ஒரு டிரங்க் கால் போடச் சொன்னாள். பி.பி. கால் என்று அப்போது ஒன்று உண்டு. யாரோடு பேச வேண்டுமோ அவர் பேரைச் சொல்லிப் பதிய வேண்டும். அந்த ஆள் வந்து, "நான்தான்" என்று சொன்னால்தான் எக்ஸ்சேஞ்சில் லைனைக் கொடுப்பார்கள். ஆள் இல்லையென்றால் பேச்சும் இல்லை. பேராச்சி பதிந்த பேர் சங்கரபாண்டி. அங்கிருந்து எடுத்தவர், "சங்கரபாண்டிதான் பேசுதேன்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று நிமிஷம் லைன் இருந்தது. சரியாக விளக்கு வைக்கிற நேரம்.

ஒரு மணி நேரம் கழித்து, பின்கட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளை செத்துக் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. அடித்தது எதுவென்றுகூடக் கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய். ராத்திரி அருவிக் குளியலுக்குத் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து ஊறவிட்டுக் காத்திருப்பது அவர் வழக்கம். பொருள் எதுவும் திருட்டுப் போகவில்லை, விரலில் மோதிரம்கூட அப்படியே இருந்தது. போலீசுக்கு போன் போட்டுச் சொன்னது சங்கரபாண்டிதான். போட்டவரையே பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் பேராச்சியையும் பிடித்தார்கள்.

போலீஸ் கட்டிய கதையில் ஓட்டை கிடையாது, அதுதான் என் ஆத்திரம். கட்டின புருஷன் அங்கே இருக்கும்போது, பெண்டாட்டி எதற்காக மேனேஜர் பேருக்கு போன் போட வேண்டும்? இரண்டு பேருக்கும் தொடுப்பு. போனில் இவள் சொன்னாள், அவன் செய்தான். அந்த நேரத்தில் தான் செங்கோட்டை டிப்போவில் இருந்ததாக சங்கரபாண்டி சொன்னது பொய். அவர் பங்களாவில் இருந்ததற்கு எக்ஸ்சேஞ்சில் எழுதிய டிரங்க் சீட்டே சாட்சி. டிப்போ காவல்காரர் கிதிர் முகம்மது, சங்கரபாண்டி பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மகுரிப் வாங்கு சொன்ன பிறகுதான் பஸ் ஏறப் போனார் என்று சத்தியம் பண்ணினார். சர்க்கார் வக்கீல் அவரிடம், உம்மிடம் கடிகாரம் உண்டா என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. ஜட்ஜ் முகத்துக்காக அடங்கி உட்கார்ந்தேன்.

இரண்டு பேருக்கும் நான்தான் வக்கீல். பேராச்சியை முதலில் பார்த்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். ஏம்மா சங்கரபாண்டி பேரைக் கொடுத்தாய்? அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அவுக பேரை நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் பெண்டுகள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது. பேராச்சிக்கு வாய்த்ததோ குற்றாலிங்கம் என்ற பேர். அவள் குற்றாலம் என்ற ஊர்ப்பேரையே சொல்வதில்லை, அருவிக்கரை என்றுதான் சொல்வாள். போஸ்ட் மாஸ்டரிடம் பங்களா நம்பரை மட்டும் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். ஆள் பேர் கேட்டால் எப்போதுமே சங்கரபாண்டிதான். அவர் எடுத்து, "முதலாளி, ஆலங்குளத்துல இருந்து" என்று பிள்ளையிடம் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்குப் போன போதெல்லாம் இதே ஏற்பாடு.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். எடுத்தவர் ஒன்றும் பேசவில்லை என்றாள். லைனில் மழைச் சத்தம், அதற்குள் யாரோ நிற்பது மட்டும் தெரிந்தது. வழக்கம்போல சங்கரபாண்டி போனைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டார், கேட்பது புருஷன்தான் என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் பேசியிருக்கிறாள். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது, நாளைக்கு வருகிறேன், பஸ் நிற்கிற இடத்துக்கு ஒரு வண்டி மட்டும் அனுப்புங்கள், போதும் என்றாளாம். அதற்குமேல் புருஷனிடம் மட்டும் சொல்லக்கூடியவையும் சில இருந்தன. அவற்றை நான் கேட்கவில்லை. கடைசியில், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அழுதிருக்கிறாள். மழைச் சத்தம்தான் வந்தது. லைன் போய்விட்டது.

 என் வக்கீல் புத்தி உடனே விழித்துக்கொண்டது. எடுத்தது பிள்ளையேதான் என்று நாட்டிவிட்டால் போதும். சங்கரபாண்டி பங்களாவில் இருந்ததற்கு வேறு சாட்சியே கிடையாது. கேஸ் அதோடு விழும்.

பாளையங்கோட்டை ஜெயிலில் சங்கரபாண்டியைப் பார்த்தேன். வாட்டசாட்டமான ஆள், நாற்பது வயசிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவரிடம் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. பிள்ளை அன்று எண்ணெய்க் கையோடு போனை எடுத்திருந்தால், ரிசீவரில் எண்ணெய் ஒட்டியிருக்கும். சீசனில் தினமும் அதுதான் நடக்கும். எண்ணெய்க் கையோடு பிள்ளை போன் பேசுவார், பின்னாலேயே சங்கரபாண்டி தோள் துண்டால் துடைத்து வைப்பார். செத்துக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு ஓடி, போலீசுக்கு போன் போடுகிற பதற்றத்திலும், ரிசீவரைத் துடைத்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார். கை பழகிய பழக்கம். அதே துண்டால் பிள்ளையின் தலையைச் சுற்றிக் கட்டியும் விட்டார். துண்டு முழுக்க ரத்தமும் எண்ணெயும். அது எதற்கும் உதவாது. ஆகவே துடைத்த ஆளின் வாய்தான் பாக்கி.

"துடைக்கும்போது அதில் எண்ணெய் இருந்ததா?" என்று கேட்டேன்.

 "அந்தம்மா போன்ல என்ன பேசுனாகளாம்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நான் சொன்னேன். வண்டி அனுப்பச் சொன்னது, ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அழுதது, பதில் வராதது, எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்தபடி நின்றார்.

"ஞாபகம் இல்ல ஐயா" என்றார் பிறகு.

எனக்கு வந்த கோபத்தில் கண்டபடி பேசினேன். இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமய்யா, உன் கழுத்துக்குக் கயிறு வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவர் அசையவில்லை. கோர்ட்டிலும் ஜட்ஜ் அதையே கேட்டபோது, துடைத்தேன், எண்ணெய் இருந்ததா என்று பார்க்கவில்லை என்று முடித்துவிட்டார். கூண்டில் பக்கத்தில் நின்ற பேராச்சி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் குற்றாலம் எக்ஸ்சேஞ்ச் ஆப்பரேட்டர் ஞானதுரையைக் குடைந்தேன். நல்ல மனுஷன், பயந்தவர். அன்றைக்கு மழையில் லைன் இரைந்ததால் குரல் யாருடையது என்று சொல்ல முடியவில்லை என்றார். முந்தின வருஷங்களில் எப்படி என்று கேட்டேன். தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். மேனேஜர் வெளியே போயிருக்கும் நாளில் ஆலங்குளத்துக் கால் வந்தால், பிள்ளையே எடுத்து, "சங்கரபாண்டிதான், குடும்" என்பாராம். இல்லையென்றால் கால் ரத்தாகிவிடுமே. ஞானதுரைக்கும் அது தெரியும், தெரியாதது போல லைனைக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்றும் சொன்னார். பேசி முடித்தவர்கள் போனின் கைப்பிடியைச் சுற்றி எக்ஸ்சேஞ்சுக்கு மணியடிப்பது வழக்கம். அன்று நேரம் முடிந்து லைனைப் பிரித்த பிறகும் பங்களாவிலிருந்து மணி வரவில்லை. என்னவென்று அவர் காதில் வைத்துப் பார்த்தார். யாரோ இன்னும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது மூச்சில் தெரிந்தது. வெகுநேரம் கழித்துத்தான் மணி வந்தது. இதைச் சர்க்கார் வக்கீலும் கண்டுகொள்ளவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேருக்குமே அதனால் லாபமில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் தாமே சாட்சி சொல்லலாம் என்று சட்டம் மாறியிருந்த சமயம் அது. பேராச்சியைக் கூண்டில் ஏற்றினேன். புருஷன் பேர் சொல்லாத வழக்கத்தை அவள் சொன்னதும், சர்க்கார் வக்கீல் எழுந்து, எல்லாம் நாடகம் என்றார். அப்படியானால் இப்போது சொல்லுங்கள், புருஷன் செத்துவிட்டார், இனிமேல் குறைய ஆயுசு இல்லை, உங்கள் வீட்டுக்காரர் பேர் என்ன என்றார்.

அவள் சொல்லவில்லை. கோர்ட்டே காத்திருந்தது. பாலக்காட்டுக்காரரான ஜட்ஜ் தணிந்த குரலில், சொல்லாவிட்டால் உனக்குத்தான் கெடுதல் என்றார். அவள் உதடு அசைந்து அசைந்து நின்றது, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. தூக்குக்கயிறு பயமுறுத்தியும் அந்த ஒரு பேர் வெளியே வரவில்லை. கடைசியில் ஜன்னல் பக்கம், மேற்கே கையைக் காட்டினாள்.

"அருவிக்கரைல இருக்காகள்லா சாமி, அந்தப் பேரு" என்றாள்.

பெஞ்ச் கிளார்க் குனிந்து ஜட்ஜிடம் பேரைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நான் என் வாதத்தை அன்று மத்தியானமே முடித்துவிட்டேன். பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார், மணி அடித்தது, வந்து எடுத்தார், வழக்கம்போல மேனேஜர் பேரைச் சொன்னார், பெண்டாட்டி குரலைக் கேட்டதும் நாலு மாசத்துக் கோபம் வாயை அடைத்துவிட்டது என்றேன். நான் கொஞ்சம் நாடகக்காரன். இல்லாத ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு, பேசாமல் நின்று காட்டினேன். ஜட்ஜ் என்னையே பார்த்தார். பேராச்சியும் என்னையே பார்த்தாள்.

இரண்டு பேருக்கும் விடுதலை.

வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். பேராச்சி அருகே வந்தாள். கும்பிடப் போகிறாள் என்று நான் கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன்.

"அவுகதான் எடுத்தாகன்னு சொன்னீகளே, நெசமா அண்ணாச்சி?" என்றாள். "நான் அம்புட்டு அழுததையும் கேட்டுட்டு, ஒரு வார்த்த பேசாமயா நின்னாக?"

 அது கோர்ட்டுக்காகச் சொன்னதம்மா, போனை எடுத்தவன் கொலைகாரனாகத்தான் இருக்கும், அதற்கு முன்னாலேயே பிள்ளையின் உயிர் போயிருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கொலைகாரன் எதற்காக மேனேஜர் பேரைச் சொல்லி லைன் வாங்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னதையே பிடித்துக்கொண்டாள்.

"கொலகாரனாவே இருக்கட்டும். அவன் கேட்டா எனக்கு என்ன போச்சு? அவுக கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

அதன்பிறகு தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு, பங்களாவுக்கே குடிவந்துவிட்டாள். ஊரார் ஏதேதோ பேசினார்கள். சங்கரபாண்டி அவள் முகத்தில் விழிக்கவே இல்லை. புளியரைப் பக்கம் சின்னதாக மரக்கடை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். கொலைகாரனைத் தேடுவதைப் போலீஸ் ஒரு வருஷத்தில் விட்டுவிட்டது. பங்களாவிலிருந்த போனை மட்டும் கழற்ற அவள் விடவில்லை. அதில் மணியடித்தால் எடுப்பாள், பேசமாட்டாள். எதிர்ப்பக்கம் கத்திக் கத்தி ஓய்ந்துபோகும். ஞானதுரை என்னிடம் வந்து, "ஹலோன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க சார், நமக்கே பயமா இருக்கு" என்று புலம்பினார். நானும் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பேசட்டும் என்றாள்.

அறுபத்தைந்தில் நல்ல சீசன். ஐந்தருவியில் கூட்டம் தாங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஒருவர் தயங்கி நின்றார். சங்கரபாண்டி. தலை நரைத்துவிட்டது. ஆளைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று நான் எண்ணெய்க் கையோடு கண்ணாடியை எடுத்து மாட்டப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை என் கையிலிருந்து வாங்கி, தோள் துண்டால் இரண்டு பக்கமும் பதமாகத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னும் ஒரு ஓரத்தில் பிசுக்கு இருந்தது போலும், அதையும் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

இப்படித் துடைக்கிற ஆளா எண்ணெய் இருந்ததைப் பார்த்திருக்கமாட்டார்? எட்டு வருஷம் கழித்து எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

"இருந்துச்சுல்லா?" என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

"இருந்துச்சு ஐயா. காது வைக்கிற இடம் பூராவும் இருந்துச்சு. துண்டு ஊறிட்டுது."

அப்படியானால் ஜெயிலில் வைத்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"அந்தம்மா என்ன பேசுனாகன்னு நீங்கதான ஐயா சொன்னீக. எண்ணெ இருந்துச்சுன்னு நான் சொன்னா, கேட்டது முதலாளிதான்னு அவுகளுக்குத் தெரிஞ்சு போயிருமே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் சொல்லிராதீக" என்றார்.

அவருக்கு மனசில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது முழுசாகத் தெரிந்தது. போலீஸ் கட்டிய கதையில் பாதி பொய்யில்லை, ஒருவர் பக்கம் அது நிஜம். அவளுக்குத் தெரியாமலே அவர் அவளுக்காகத் தூக்குக்கயிற்றின் அடியில் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார்.  குளிக்காமலே எழுந்துவிட்டேன்.

அன்றைக்கு பேராச்சி வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. போனேன். சாரலில் நனைந்த வேட்டியும் எண்ணெய்த் தலையுமாக என்னைப் பார்த்தவள் காப்பிகூடக் கேட்கவில்லை.

"அருவிக்கு சங்கரபாண்டி அண்ணாச்சி வந்திருக்காகன்னு சொன்னாக, பாத்தீகளோ?" என்றாள். பார்த்தேன் என்றேன்.

"ஒன்னு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். எடுத்தது கொலகாரன்னா, லைன் போன பொறவும் எதுக்கு அம்புட்டு நேரம் போனைக் காதுல வச்சுக்கிட்டு நின்னான்? அந்த ஆப்பரேட்டர் சொன்னார்லா?" என்றாள்.

ஞானதுரை சொன்னதை நானும் சர்க்கார் வக்கீலும் தள்ளிவிட்டோம். இவள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, இந்த வீட்டில் எட்டு வருஷம் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"எண்ணெ இருந்துச்சுன்னு சொன்னாரா?" என்று கேட்டுவிட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எத்தனையோ சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான். ஆமாம், ஆனால் லைன் போன பிறகும் உன் குரல் இருந்த இடத்தை விட்டு அவர் காதை எடுக்கவில்லை தாயே, அவருக்குக் கோபமில்லை என்று சொல்லவும் ஆசையாக இருந்தது. அது உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டில் எதையும் சொல்ல முடியவில்லை. நெஞ்சு நிறைந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, நாக்கு மட்டும் எழும்பவில்லை. பேசாமல் நின்ற மனுஷனுக்குக் கோபம்தான் என்று கோர்ட்டில் அடித்துப் பேசியவன், அவள் எதிரே பேசாமல் நின்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"பேச வரலயா அண்ணாச்சி?" என்றாள். பிறகு மெதுவாக, "அவுகளுக்கும் இப்படித்தான் வரலயோ என்னமோ" என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காப்பி போட உள்ளே போனாள்.

அடுத்த சீசனுக்குப் போனபோது அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பாள், கேட்பாள் என்று நான்தான் இருட்டுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.